தீக்குப் பயந்து வீட்டைச் சுற்றியுள்ள மரங்களை வெட்டலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு பக்கம் அறுபது சென்ட் இடம். நடுவில் மங்களூர் ஓடு வேய்ந்த பழைய வீடு, ஒட்டினாற்போல் ஒரு கீற்றுக் கொட்டகை. சுற்றிலும் பட்டர் ஃப்ரூட், மா, சில்வர் ஓக், வேலியோரம் ஒரு மூங்கில் குத்து. வீட்டுக்குக் கீழே சரிவு முழுக்கப் புல்லும் உன்னிச்செடியும், அதற்கும் அப்பால் காப்புக்காடு. போன மாசியில் எதிர்மலை ராத்திரி முழுக்க எரிந்ததைப் பார்த்ததிலிருந்து உங்கள் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது, மரங்களை எல்லாம் வெட்டிவிடலாம் என்கிறார். நீங்களோ சருகு மூடாக்குப் போட்டு இயற்கை முறையில் தோட்டம் வளர்ப்பவர், அதையும் விட மனமில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரங்களை வெட்ட வேண்டாம். மூடாக்கையும் விட வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுங்கள். உங்கள் உழைப்பு போக வேண்டிய இடம் சுவரை ஒட்டிய முதல் ஐந்து அடி, அப்புறம் கூரை, அதற்கப்புறம்தான் கீழ்ச்சரிவு. இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் பெரும்பாலும் தலைகீழாகத்தான் எல்லோரும் செய்கிறோம். ஆள் வைத்து மரத்தை வெட்டி, வெட்டிய விறகை எடுத்து வந்து சுவரோரமாகவே அடுக்குகிறோம்.

மரம் வெட்டுவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட கிராமங்களில் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். உங்கள் கிராமம் அதில் வருகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விடுங்கள், வெட்டினால் பலன் இருக்கிறதா? 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊர் ஒரே நாளில் எரிந்துபோனது. 85 பேர் இறந்தார்கள். பிறகு எடுத்த வான்படங்களைப் பார்த்தால், வீடு இருந்த இடத்தில் சாம்பல் சதுரம்தான் இருக்கிறது. அதற்குப் பத்தடி தள்ளிப் பச்சையாகவே நிற்கிறது பைன் மரம். மரத்திலிருந்து வீட்டுக்குத் தீ வரவில்லை. காற்றில் பறந்து வந்த தீப்பொறி வீட்டோரம் கிடந்த எதிலோ விழுந்து வீட்டைப் பிடித்திருக்கிறது. அப்புறம் எரிகிற வீடுகளே அடுத்தடுத்த வீடுகளைப் பற்ற வைத்தன.

அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தவர். கனடாவின் வடக்குக் காட்டில் வேண்டுமென்றே தீ மூட்டி, அதன் முன்னே மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். உச்சி வரை எரிகிற காட்டிலிருந்து 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 20 மீட்டரில், 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. நெருப்பின் வெக்கை நாம் நினைக்கிற அளவு தூரம் தாண்டி வீட்டைக் கொளுத்துவதில்லை. வெகுதூரம் தாண்டுவது தீப்பொறிதான். அதைத் தடுத்து நிறுத்த வேலி கிடையாது. அது விழுகிற இடத்தில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் செய்வதுதான் நம் கையில் இருக்கிறது.

நம் ஊர் வீடுகள் அமெரிக்க மரவீடுகள் அல்ல என்பதும் உண்மைதான். செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் லேசில் எரியாது. ஆனால் உங்களுடையது ஓட்டுவீடு. ஓட்டுக்கு அடியில் இருப்பது காய்ந்து முறுகிய கைமரமும் ரீப்பரும். இப்படிப்பட்ட வீடுகளில் சுவர் எரிவதில்லை, கூரை எரிந்து உள்ளே விழுகிறது.

சரி, வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். தீப்பொறி எங்கே தங்கும் என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். காற்றடித்த மறுநாள் காலை, கூட்டுவதற்கு முன்னால் பாருங்கள். சருகு எங்கெல்லாம் போய் ஒதுங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் தீப்பொறியும் ஒதுங்கும். இரண்டையும் கொண்டுபோய்ப் போடுவது ஒரே காற்று. வாசல்படியின் மூலை, கழிவறைச் சுவரும் வீட்டுச் சுவரும் சேரும் முடுக்கு, இரண்டு கூரை சந்திக்கும் பள்ளம், எரவானத்துக்கு அடியில் அடுக்கிய விறகின் இடுக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம். ஒரு சாக்பீஸால் அந்த இடங்களில் அடையாளம் போட்டுவிடுங்கள். கோடையில் தினமும் ஈர்க்குமாறு போக வேண்டிய இடங்கள் அவைதான்.

சுவரிலிருந்து ஐந்து அடிக்குத் தரையில் எரியக்கூடியது எதுவும் வேண்டாம். ஜல்லி, செங்கல், சிமெண்ட், வெறும் மண், எதுவானாலும் சரி. செடியே கூடாதா என்றால், துளசி மாடம் இருக்கலாம், மண்தொட்டியில் நாலு செடி இருக்கலாம், தினமும் தண்ணீர் ஊற்றினால். பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளையும் அங்கே வைக்காதீர்கள். நனைந்திருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் அது காய்ந்து உமிபோல ஆகிவிடும். ஒரு பீடித்துண்டு போதும், தீக்கொழுந்தே தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளுக்குள் கங்காகக் கனன்று, பைக்குப் பை தாவும். வாசலில் போடும் தேங்காய்நார் மிதியடியும் இதே ரகம். கோடை இரவில் வெளியூர் போகும்போது அதை உள்ளே எடுத்துப் போடுங்கள்.

பச்சை நிழல்வலையைச் சுவரில் கட்டி இழுத்திருந்தால் அவிழ்த்துவிடுங்கள். அது எரியும்போது உருகிச் சொட்டும், சொட்டிய இடமெல்லாம் எரியும். வலை தேவைதான் என்றால் வீட்டைத் தொடாமல் தனிக் கம்பத்தில் கட்டலாம். கேஸ் சிலிண்டரை வெளியே வைத்திருந்தால் அதைச் சுற்றிச் சருகோ செடியோ இருக்கக்கூடாது. விறகை வீட்டிலிருந்து முப்பது அடியாவது தள்ளி, மேல்புறமாகவோ பக்கவாட்டிலோ அடுக்குங்கள். கீழ்ச்சரிவில் அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் தூக்கி வரச் சிரமம்தான். தை பிறந்ததும் இடம் மாற்றி, மழை தொடங்கியதும் திரும்பக் கொண்டு வந்துகொள்ளலாம், மலையில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அந்த ஐந்து அடிக்கு இன்னொரு பயனும் உண்டு. கண்ணாடிவிரியன் படுப்பது சருகில், கட்டுவிரியன் புகுவது செங்கல் குவியலிலும் விறகு இடுக்கிலும். சுவரோரம் வெறுந்தரையாக இருந்தால் ராத்திரி டார்ச் அடித்ததுமே எது கிடந்தாலும் தெரியும். கரையான் ஏறுவதும் மண்ணில் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், தீயை மறந்துவிட்டுப் பாம்புக்காக மட்டுமே இதைச் செய்யலாம்.

அடுத்து கூரை. மங்களூர் ஓட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் இடைவெளி உண்டு, கீழ்வரிசை எரவானத்தில் முடிகிற இடத்தில் வாய் திறந்தே இருக்கும். குருவி கூடு கட்டுவதும் எலி வைக்கோல் சேர்ப்பதும் அங்கேதான். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக் கூட்டையும் குப்பையையும் எடுத்துவிட்டு, கீழ்வரிசை வாய்களைச் சுண்ணாம்புக் கலவையாலோ சிமெண்டாலோ பூசிவிடுங்கள். குருவிக்கூட்டில் குஞ்சு இருந்தால் பறந்துபோகும் வரை பொறுக்கலாம். காற்றுக்காக விட்ட துவாரங்களுக்கு நைலான் கொசுவலை போதாது, சூடு பட்டதும் சுருங்கி ஓட்டையாகிவிடும். 3 மில்லிமீட்டருக்கு மேல் கண் இல்லாத இரும்பு வலை அடியுங்கள். ஓட்டின் மேல் விழும் சில்வர் ஓக் இலையைத் தை முதல் சித்திரை வரை வாரம் ஒருமுறையாவது தள்ளிவிட வேண்டும். அந்த மரம் இலை கொட்டுவதும் சரியாக அந்தக் காலத்தில்தான். கூரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை மட்டும் கழித்துவிடுங்கள், மரம் நிற்கட்டும்.

கீற்றுக் கொட்டகை? இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. வீட்டை ஒட்டிக் கீற்று இருக்கக்கூடாது. கொட்டகை வேண்டுமென்றால் தகரமோ ஓடோ போடுங்கள், வெயிலுக்கு அதன் மேல் சுரைக்கொடியோ பூசணிக்கொடியோ ஏற்றாமல் மேலே சுண்ணாம்பு அடியுங்கள். கொடி சித்திரையில் காய்ந்து, கீற்றை எடுத்த பலனையே கெடுத்துவிடும். உங்கள் பகுதியில் சௌசௌ பந்தல் போட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்த பந்தலில் காய்ந்த கொடியை அப்படியே விட்டால் தலைக்கு மேல் வைக்கோல் பரப்பியது மாதிரிதான்.

இனி உங்கள் மூடாக்கு விஷயம். மூடாக்கு இல்லாமல் மலைச்சரிவில் மண் நிற்காது, ஈரம் தங்காது என்பதெல்லாம் சரியே. தண்ணீர் குறைந்து வாடிய மரத்தில்தான் பட்டகிளை அதிகம். ஈரம் உள்ள மரம் லேசில் பற்றாது, அதனால் தோட்டம் நன்றாக இருப்பதும் தீயிலிருந்து தப்புவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். ஆனால் காய்ந்த சருகைத் தொடர்ச்சியாக வேலியிலிருந்து வீட்டு வாசல் வரை பரப்புவது தீக்குப் பாதை போட்டுக் கொடுப்பது. எனவே துண்டுதுண்டாகப் போடுங்கள். மரத்தைச் சுற்றி வட்டமாக, தண்டிலிருந்து அரை அடி தள்ளி, மூன்று விரற்கடை தடிமனுக்கு. ஒரு வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் நடுவே வெறுந்தரையோ கல் பாவிய நடைபாதையோ இருக்கட்டும். வட்டத்தின் மேலாக ஒரு கூடை மக்கிய எருவோ மண்ணோ தூவிவிட்டால் சருகு பறக்காது, தீப்பொறி விழுந்தாலும் கொழுந்துவிடாது. வீட்டிலிருந்து முப்பது அடிக்குள் சருகு மூடாக்கே போடாமல், மக்கியதை மட்டும் போடுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது உயிர்மூடாக்கு. தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி, வல்லாரை, தரையில் படரும் பருப்புக்கீரை. தரையை மூடுகிறது, சாப்பாட்டுக்கும் ஆகிறது, இலையில் தண்ணீர் நிறைந்திருப்பதால் எரிய மறுக்கிறது. சர்க்கரைவள்ளிக்கொடி ஒரு பாத்தி கட்டிவிட்டால் அது தன் பாட்டுக்குப் படர்ந்துகொள்ளும். கோடையில் கொஞ்சம் தண்ணீர் காட்ட வேண்டியிருக்கும். குளியலறைத் தண்ணீர் போதும்.

வாரிய சருகை என்ன செய்வது? இதுதான் முக்கியமான இடம். மேற்குத்தொடர்ச்சி மலையோரம் பங்குனியில் காட்டுத்தீ என்று நாம் சொல்வதில் எவ்வளவோ யாரோ ஒருவர் தன் தோட்டத்துச் சருகைக் குவித்துக் கொளுத்திவிட்டு டீ குடிக்கப் போனதில் தொடங்கியது. காப்புக்காட்டுக்குப் பரவும்படி நெருப்பு வைப்பது வனச்சட்டப்படி குற்றமும்கூட. கொளுத்தாதீர்கள், குவியலாகவும் போட்டு வைக்காதீர்கள். கோழிவலையை நாலடி அகல வளையமாகச் சுருட்டி, வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி நிறுத்தி, அதில் மிதித்து நிரப்புங்கள். ஒரு சாண் சருகு, அதன் மேல் நாலு விரல் பச்சைத் தழையோ சமையலறைக் கழிவோ, மேலே சாணிக்கரைசல். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அதுதான் ஈரக்கணக்கு. சில்வர் ஓக் இலையும் மூங்கில் இலையும் லேசில் மக்காதவை, அவற்றோடு புங்கமோ அகத்தியோ தாராளமாகக் கலக்க வேண்டும். அவசரப்படாமல் அடுத்த மழைக்காலம் வரை விட்டால் எருவாகிவிடும்.

வைக்கோல் வாங்கி அடுக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைகுறையாகக் காய்ந்த வைக்கோலை இறுக்கமாகப் போர் போட்டால் உள்ளே நொதித்துச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். யாரோ வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டவர்கள் உண்டு. போருக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பைத் தாண்டிச் சுடுகிறதா, புளித்த வாடை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போடும் பழக்கம் இருந்தால், முதலில் இரும்பு வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கிவிட்டுப் போடுங்கள். சாம்பலுக்குள் கங்கு மறுநாளும் உயிரோடு இருக்கும்.

இப்போது கீழ்ச்சரிவு. தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், ஏனென்றால் கொழுந்து சாய்ந்து மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. பகலில் மலைக்காற்றும் கீழிருந்து மேலேதான் வீசும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்களைச் சூழ்ந்ததும் காய்ந்த புல்சரிவில் ஏறிய தீதான். 23 பேர் உயிரிழந்தார்கள். ஆகவே வீட்டுக்கு மேல்புறத்தைவிடக் கீழ்ப்புறத்தில் இரண்டு பங்கு தூரம் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் இடம் முடிகிற வரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் என்றால் மொட்டையடிப்பது அல்ல. மொட்டையடித்தால் ஐப்பசி மழையில் மண் முழுக்கக் கீழே போய்விடும். புல்லை நாலு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள், வேரைத் தொடாதீர்கள். வெட்டிய புல்லை அள்ளி மாட்டுக்கோ எருவுக்கோ கொண்டுபோங்கள், அங்கேயே விட்டால் வெட்டியும் பிரயோசனமில்லை. மார்கழி முடிந்து புல் மஞ்சள் தட்டும்போது ஒருமுறை, மாசிக் கடைசியில் இன்னொருமுறை. பிரஷ் கட்டர் வைத்து வெட்டுவதாக இருந்தால் பனி காயும் முன் காலையில் முடித்துவிடுங்கள். பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும், நடுப்பகலில் காய்ந்த புல்லில் அந்த ஒரு பொறி போதும். மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றுவதையும் புல்லில் வைத்துச் செய்யாதீர்கள். களைக்கொல்லி அடித்துக் காயவிடுவது பலருக்குச் சுலபமான வழியாகத் தோன்றுகிறது. அது பச்சைப்புல்லைச் சரியாகத் தீக்காலத்துக்கு முன்பாக நின்ற நிலையிலேயே விறகாக்கி வைக்கும் வேலை.

உன்னிச்செடிதான் உங்கள் உண்மையான எதிரி. பார்க்கப் பச்சையாக, பூவும் காயுமாக அழகாகத்தான் இருக்கும். ஒரு புதரை விலக்கி உள்ளே பாருங்கள், குச்சி குச்சியாகக் காய்ந்த பழைய தண்டு பின்னிக் கிடக்கும். புல்லில் வரும் தீ அதைப் பிடித்து, அதன் வழியே மரத்தின் தாழ்ந்த கிளைக்கு ஏறி, உச்சிக்குப் போகும். தரையோடு வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். மண் ஈரமாக இருக்கும் மார்கழி, தையில் வேர்க்கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் நாலு விரற்கடை ஆழத்தில் வெட்டி எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் மறுபடி வராது. காய் பழுக்கும் முன் செய்வது நல்லது, இல்லையென்றால் குருவிகள் விதையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் எடுக்காதீர்கள். சரிவுக்குக் குறுக்காக ஒரு பட்டை எடுத்து, அதில் கல்வரப்பு கட்டி, மலைவாழையோ காப்பியோ வைத்துவிட்டு, அடுத்த வருடம் அடுத்த பட்டை. மலைவாழை நல்ல பசுந்தடுப்பு. ஆனால் தொங்கும் காய்ந்த இலையை அறுத்துவிடவில்லை என்றால் பலன் பாதிதான்.

எந்தச் செடி தீயில் எரியாது என்று கேட்டிருந்தீர்கள். அப்படி ஒரு செடி இல்லை. எளிதில் பற்றுவது, தாமதமாகப் பற்றுவது என்றுதான் பிரிக்கலாம். இலையைக் கசக்கினால் எண்ணெய் வாசம் தூக்கலாக வந்தாலோ, பால்பிசின் ஒட்டினாலோ, இலை ஊசிபோல மெலிந்திருந்தாலோ அதை வீட்டுக்குத் தள்ளி வையுங்கள். தைலமரம், பைன், சவுக்கு, சைப்ரஸ் எல்லாம் அந்த வகை. தைலமரத்தின் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும், அது பற்றினால் எரிந்துகொண்டே காற்றில் வெகுதூரம் பறக்கும். எலுமிச்சம்புல் தேநீருக்கு நல்லது, சமையலறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். மலை வீடுகளில் அழகுக்காக வைக்கும் தூஜா வேலியை ஒருமுறை கையால் பிளந்து பாருங்கள். வெளியே இரண்டு விரல் அளவு பச்சை, உள்ளே முழுக்கப் பழுப்புச் சருகு. அதற்குப் பதில் செம்பருத்தியோ ஆடாதோடையோ வைத்துக் கத்தரித்து வந்தால் வேலியும் ஆச்சு, இருமலுக்குக் கஷாயமும் ஆச்சு. ஆனைக்கற்றாழை எல்லையில் இருக்கட்டும், அடியில் காயும் மடல்களை மட்டும் அறுத்துவிடுங்கள்.

உங்களிடம் இருக்கும் மாவும் பட்டர் ஃப்ரூட்டும் நன்மை செய்பவை. நன்றாகத் தண்ணீர் குடித்து அடர்ந்து நிற்கும் மரம் காற்றின் வேகத்தைக் குறைக்கும், பறந்து வரும் பொறிகளில் கொஞ்சத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஆறு அடி வரை கிளைகளைக் கழித்துவிடுங்கள். சின்ன மரமென்றால் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அடியில் புதர் வைக்காதீர்கள். பட்டகிளையை ஒவ்வொரு தையிலும் எடுத்துவிடுங்கள். மேலே கரண்ட் கம்பி போனால் நீங்களாக அரிவாளோடு ஏற வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திவிட்டுக் கழிக்கச் சொல்லுங்கள். காட்டுமாட்டுக்காகச் சூரியவேலி போட்டிருந்தால் கம்பிக்கு அடியில் புல் தொடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர். மோட்டாரை நம்பாதீர்கள், தீ வரும் நாளில் முதலில் போவது கரண்ட். வீட்டுக்கு மேல்புறம் 500 லிட்டர் டிரம் ஒன்று வைத்து, தானாக இறங்கிவரும் குழாய் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். எல்லோரும் மறக்கிற ஒரு பொருள், முதுகில் மாட்டும் மருந்துத் தெளிப்பான். 16 லிட்டர் பிடிக்கும், கரண்ட் வேண்டாம், எரவானம் வரை பீய்ச்சும், ஒரு கங்கை அணைக்க ஒரு கைத்தண்ணீர் போதும். மருந்து அடிக்காத புதுத் தெளிப்பான் ஒன்றைத் தண்ணீர் நிரப்பித் தனியாக வையுங்கள். கூடவே ஏணி, நாலு கோணிச்சாக்கு. டிரம்முக்கு மூடி அவசியம், ஏழெட்டு நாள் திறந்து கிடந்தால் டெங்கு கொசு அதில்தான் பொரிக்கும். வாளியில் பிடித்து வைத்ததை வாரம் ஒருமுறை செடிக்கு ஊற்றிவிட்டு மாற்றுங்கள்.

உர மருந்து அறையைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கந்தகத் தூள் எரியும். பொட்டாசியம் நைட்ரேட் தானாக எரியாது, ஆனால் எரிகிறதை வெறிகொண்டு எரிய வைக்கும். இரண்டையும் ஒன்றாகவும் வைக்காதீர்கள், டீசல் கேனுக்கும் சாக்குக்கும் பக்கத்திலும் வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடரும் தனியாக. அறைக்குப் பூட்டு.

தீ நெருங்கும் நாளில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது. புகை தெரிந்ததும் 101க்கோ 112க்கோ அடியுங்கள், வனச்சரக அலுவலக எண்ணை இப்போதே சுவரில் எழுதி வையுங்கள். சின்னப் புல்தீ என்றால் பச்சைத்தழையால் அடித்து அணைக்கலாம், அதுவும் எரிந்து கறுத்த பக்கம் நின்றுகொண்டு. தீக்கு மேல்புறம் சரிவில் ஒருபோதும் நிற்காதீர்கள். ஆள் உயரத்துக்கு எழுந்துவிட்டால் அது உங்கள் வேலை இல்லை. ஜன்னல்களை அடைத்து, சிலிண்டரை மூடி, மாட்டை அவிழ்த்துவிட்டு, பாதை திறந்திருக்கும்போதே இறங்கிவிடுங்கள். வாசல் கேட்டிலிருந்து தீயணைப்பு வண்டி உள்ளே வர இடம் இருக்கிறதா என்று நாளைக்கே ஒருமுறை பாருங்கள். மலை வீடுகளில் பெரும்பாலும் கார் மட்டுமே நுழையும் அகலத்தில்தான் கேட் வைத்திருப்பார்கள்.

கடைசியாக அந்த மூங்கில் குத்து. வீட்டிலிருந்து ஐம்பது அடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் எடுக்க வேண்டாம். ஆனால் குத்துக்குள் காய்ந்த கழிகளை ஒன்றுவிடாமல் இந்தத் தையிலேயே வெட்டி எடுங்கள், அடியில் உதிர்ந்த உறையையும் இலையையும் வாரி எருவளையத்தில் போடுங்கள், சுற்றிலும் ஆறடி அகலத்துக்கு மண்வெட்டியால் செதுக்கி வெறுந்தரையாக்குங்கள். வெட்டிய கழி பந்தலுக்கு ஆகும். பூத்துவிட்டது என்று தெரிந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். பூத்த குத்து முழுவதுமாகக் காய்ந்து சாகும், அப்போது அடியோடு எடுத்துவிட வேண்டியதுதான்.